படிக்க உட்கார்ந்தால் யோசனைதான் ஓடுகிறதா? எழுந்து அசைவதைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிஎன்பிஎஸ்சி, வங்கித் தேர்வு, யுபிஎஸ்சி என்று வீட்டிலோ நூலகத்திலோ உட்கார்ந்து படிப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். காலை ஒன்பது மணிக்குப் புத்தகத்தைத் திறந்து, பதினொன்றரைக்கும் அதே பக்கத்தில் இருப்பவர்கள் நிறைய பேர். நடுவில் மண்டைக்குள் ஓடியது கட்-ஆஃப் கணக்கு, இந்த வருடக் காலியிடம், வயது வரம்பு, போன முறை தேறிய சித்தப்பா மகன். இவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான். மனசு தயாரானதும் ஆரம்பிக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். உடம்பை முதலில் லேசாக அசையுங்கள், அந்த அசைவு மேசையில் வந்து முடியட்டும்.

தினமும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போடுகிறேன். நான் சோம்பேறியா?

இல்லை. சோம்பேறிக்குப் படிக்காத நாள் சுகமாகக் கழியும். உங்களுக்கு அப்படிக் கழிவதில்லை. படிக்கவும் இல்லை, நிம்மதியாக ஒரு படம் பார்க்கவும் இல்லை.

உளவியல் ஆய்வாளர்கள் ஃபியூஷா சிரோய், டிமோதி பிச்சில் இருவரும் 2013இல் எழுதிய கட்டுரையில், தள்ளிப்போடுதலை நேர மேலாண்மைக் கோளாறாகப் பார்க்காமல், அந்த நேரத்து மனநிலையைச் சரிக்கட்டும் முயற்சியாகப் பார்த்தார்கள். அரசியலமைப்புப் பாடத்தில் திருத்தச் சட்டங்கள் பக்கத்தைத் திறக்கிறீர்கள். 'இவ்வளவு இருக்கா' என்று அடிவயிற்றில் ஒரு கலக்கம். கை தானாக ஃபோனுக்குப் போகிறது. கலக்கம் குறைகிறது. அந்த நிம்மதிதான் அடுத்த முறையும் ஃபோனை எடுக்கச் சொல்லிக்கொடுக்கிறது. புது டைம்டேபிள் போட்டு இதைச் சரிசெய்ய முடியாதது இதனால்தான். பல வீடுகளில் கலர் பேனா வைத்து டைம்டேபிள் போடுவதே ஒரு முழு நாளை விழுங்கிவிடுகிறது.

யோசிப்பது தப்பா? திட்டம் போடாமல் எப்படிப் படிப்பது?

திட்டம் வேண்டும். எது திட்டம், எது வெறும் சுழல் என்று பிரித்துப் பார்க்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. பத்து நிமிடம் யோசித்த பிறகு தாளில் புதிதாக ஒரு வரி எழுத முடிகிறதா? 'இன்று மதியம் பத்தாம் வகுப்பு வரலாறு, இரண்டாம் பாடம்' என்று எழுத முடிந்தால் அது திட்டம். 'எனக்கு மட்டும் ஏன் இப்படி', 'போன வருடமே ஆரம்பித்திருக்கலாம்' என்றே நின்றால் அது சுழல்.

இந்தச் சுழலைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் அமெரிக்க உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்செமா. தன் வருத்தத்தையும் அதன் காரணங்களையுமே அசைபோட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு வருத்தம் நீள்கிறது, பிரச்சினையைத் தீர்க்கும் திறமையும் அந்த நேரத்தில் மங்குகிறது என்று அவர் காட்டினார். அசைபோடுபவருக்கோ, தான் பிரச்சினையை அலசுவதாகத்தான் தோன்றும்.

உடம்பை அசைத்தால் மனசு எப்படி மாறும்?

பல வழிகளில். கவலை உடம்பிலும் இருக்கிறது. தோள் காது வரை ஏறியிருக்கும், தாடை இறுகியிருக்கும், மூச்சு நெஞ்சின் மேல்பகுதியிலேயே நின்றுவிடும். உட்கார்ந்தபடி இதை உத்தரவு போட்டுத் தளர்த்த முடியாது. எழுந்து கையை வீசி நடக்கும்போது அது பெரும்பாலும் தானாகத் தளர்கிறது. மூச்சை வெளியே விடும்போது இதயத் துடிப்பு சற்றுக் குறையும். அது உடலின் இயல்பு. வெளிமூச்சை நீட்டி விடும் பயிற்சியைத் தினம் ஐந்து நிமிடம் செய்தவர்களின் மனநிலை, அதே நேரம் தியானம் செய்தவர்களைவிட நன்றாக இருந்ததாக ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2023இல் வெளியானது.

அப்புறம், கவனம் வெளியே வருகிறது. படிக்கட்டில் இறங்கும்போது காலைப் பார்க்கத்தான் வேண்டும்.

எனக்கு முக்கியமாகப் படுவது மூன்றாவது. மனச்சோர்வுக்கான சிகிச்சையில் 1970களில் உளவியலாளர் பீட்டர் லெவின்சன் போன்றவர்கள் வளர்த்த ஒரு வழிமுறை உண்டு. மனசு சரியானால் செயல் வரும் என்று காத்திருக்காமல், செயலைச் சிறியதாக முன்னால் வைப்பது. செய்யச் செய்யத்தான் ஆர்வம் பின்னால் வந்து சேரும். காலையிலிருந்து ஒன்றும் நடக்காத நாளில், மொட்டை மாடிக்கு ஏறி இறங்கியதுகூட நடந்து முடிந்த ஒரு காரியம். அடுத்த காரியம் அதன் பக்கத்தில் வந்து நிற்கிறது.

சரி, என்னதான் செய்ய வேண்டும்? விவரமாகச் சொல்லுங்கள்.

எழுந்திருக்கும் முன்பே மேசையைத் தயார் செய்துவிடுங்கள். படிக்க வேண்டிய பக்கத்தைத் திறந்து, காற்றில் புரளாதபடி பென்சில் பாக்ஸை மேலே வையுங்கள். பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள். தாளின் தலையில் முதல் சொல்லை மட்டும் எழுதுங்கள்: 'பல்லவர்கள்'. பேனா மூடியைக் கழற்றித் தாளின் மேல் வையுங்கள். நாற்காலியைப் பின்னால் இழுத்து, திரும்பி வந்தால் அப்படியே உட்காரும்படி விடுங்கள். இதற்கு ஒரு நிமிடம் போதும். இந்தப் பதிலில் எதை விட்டாலும் இதை விடாதீர்கள்.

அடுத்து எழுந்து நில்லுங்கள். சுவரில் கையை ஊன்றி, குதிகாலை மெதுவாகத் தூக்கி இறக்குங்கள், பத்துப் பதினைந்து தடவை. கெண்டைக்கால் லேசாகச் சூடாகும். தோளைப் பின்பக்கமாகச் சுழற்றுங்கள். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் வைத்து, முழங்கையை மடக்கி நீட்டி ஏழெட்டுத் தடவை தள்ளுங்கள். மூச்சை மூக்கால் இழுத்து, இன்னும் கொஞ்சம் இழுத்து, வாயால் நீளமாக விடுங்கள். மூன்று தடவை.

பிறகு நடை. மொட்டை மாடி, தெரு முனை, நூலக வராந்தா, எதுவானாலும் சரி. போகும்போது வேகமாக நடங்கள். திரும்பும்போது நடையைக் குறைத்து, 'உட்கார்ந்ததும் என்ன எழுதப்போகிறேன்' என்ற ஒரே கேள்வியோடு வாருங்கள். எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடம். வந்ததும் முகம் கழுவப் போகாமல், தண்ணீர் எடுக்கப் போகாமல், நேராக உட்கார்ந்து 'பல்லவர்கள்' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் தெரிந்த எதையாவது எழுதுங்கள். மகேந்திரவர்மன், மாமல்லபுரம், எதுவானாலும். தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, புத்தகம் பக்கத்தில்தானே இருக்கிறது. கை எழுதத் தொடங்கிவிட்டால் கண் புத்தகத்தைத் தேடும்.

எப்போது எழுந்திருப்பது? மணிக்கு ஒரு தடவையா?

மணி கணக்கைவிட அறிகுறி நல்லது. ஒரே பத்தியை மூன்றாவது தடவை படிக்கிறீர்கள், அல்லது பார்க்க ஒன்றுமில்லாமலே ஃபோனைத் திறந்துவிட்டீர்கள். அப்போது எழுந்து நில்லுங்கள். 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டு வைப்பவர்கள், 'முயற்சி செய்கிறேன்' என்று பொதுவாகச் சொல்பவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள் என்பது பீட்டர் கால்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் தொகுத்துச் சொன்னது. உங்கள் முடிச்சை ஒரு சீட்டில் எழுதி மேசையில் ஒட்டிவிடுங்கள்.

படிப்பு நன்றாக ஓடும்போது எழுந்திருக்கவே வேண்டாம். அலாரம் அடித்ததே என்று நல்ல ஓட்டத்தை உடைக்காதீர்கள்.

ஃபோனைக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கலாமா?

வேண்டாம். பாட்டு கேட்பதற்கும் வேண்டாம். டெலிகிராம் குழுவில் யாரோ போட்ட புது பிடிஎஃப் ஒன்று போதும், நீங்கள் போன யோசனையோடு இன்னொன்றையும் தூக்கிக்கொண்டு திரும்புவீர்கள்.

நடக்கும்போதும் அதே யோசனைதான் ஓடுகிறது. என்ன செய்ய?

நிறைய பேருக்கு இப்படித்தான், முக்கியமாக முதல் சில நாட்களில். யோசனையோடு மல்லுக்கட்ட வேண்டாம். நடையை மாற்றிப் பாருங்கள். வேகத்தைக் கூட்டலாம், படிக்கட்டில் ஏறலாம். வாளியில் அரைவாசித் தண்ணீர் எடுத்து மாடிச் செடிகளுக்கு ஊற்றலாம். சிந்தாமல் கொண்டுபோக வேண்டுமென்றால் கட்-ஆஃப் கணக்குப் போட முடியாது. காலடியை ஒன்று முதல் இருபது வரை எண்ணி, திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கலாம்.

இடமும் முக்கியம். கிரெகரி பிராட்மன் என்ற ஆய்வாளரின் குழு கலிபோர்னியாவில் நடத்திய ஆய்வு 2015இல் வந்தது. ஒரு சாரார் மரமும் புல்வெளியும் உள்ள பாதையில் 90 நிமிடம் நடந்தார்கள். இன்னொரு சாரார் வண்டிகள் ஓடும் சாலையோரம் அதே நேரம் நடந்தார்கள். தன்னையே குடைந்துகொள்ளும் யோசனை குறைந்தது முதல் சாராருக்குத்தான். தினம் தொண்ணூறு நிமிடம் யாருக்கு இருக்கிறது? ஆனால் வாரத்தில் ஒரு நாளாவது நல்ல இடமாகப் பார்த்து நடக்கலாம். மதுரைக்காரர்களுக்கு வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி ஒரு நடை, கோவையில் ரேஸ்கோர்ஸ், சென்னையில் விடிகாலை மெரினா. ஊர்ப்பக்கம் என்றால் கண்மாய்க் கரையோ வாய்க்கால் ஓரமோ இருக்கவே இருக்கிறது.

ஜிம்மில் சேர்ந்தால் இன்னும் நல்லதில்லையா?

உடம்புக்கு நல்லது, போகிறவர்கள் போகட்டும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடல் உழைப்பு வேண்டும் என்கிறது. ஒரு தடவைக்குக் குறைந்தது பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு இருந்ததை 2020 வழிகாட்டுதலில் எடுத்துவிட்டார்கள். அதனால் உங்கள் சின்னச் சின்ன நடைகளும் அந்தக் கணக்கில் சேரும்.

தள்ளிப்போடும் பழக்கம் உள்ளவருக்கு ஜிம்மில் ஓர் ஆபத்தும் உண்டு. எந்த ஜிம், என்ன ஷூ, எந்த நேரம், புரோட்டீன் பவுடர் வேண்டுமா என்று யோசிக்க இன்னொரு தலைப்பு கிடைத்துவிடும். செருப்புகூட இல்லாமல் இப்போதே செய்யக்கூடியது இருக்கும்போது அது இப்போதைக்கு வேண்டாம்.

நடப்பதே தள்ளிப்போட ஒரு சாக்காகிவிடாதா?

ஆகும். இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் தங்களை நன்றாகக் கவனித்தவர்கள். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கும் பகுதிக்குப் போனால் பார்க்கலாம். 'ஒரு டீ அடிச்சிட்டு வரலாம்' என்று இரண்டு பேர் எழுந்தால் நான்கு பேர் சேர்வார்கள். டீக்கடையில் போன தேர்வின் விடைக்குறிப்பு, வழக்கு, முடிவு எப்போது வரும் என்று பேச்சு நீளும். திரும்பி உட்காரும்போது முக்கால் மணி நேரம் போயிருக்கும், கூடவே புதுக் கவலையும் சேர்ந்திருக்கும். கால் நடந்தது உண்மைதான், ஆனால் மனசு அதே மேசையைச் சுற்றிக்கொண்டிருந்தது.

இதனால்தான் மேசையைத் தயார் செய்துவிட்டு எழுந்திருக்கச் சொன்னேன். அத்துடன், போகும் முன்பே திரும்பும் இடத்தை முடிவு செய்யுங்கள்: 'அந்த வேப்ப மரம் வரை', 'மாடியில் ஆறு சுற்று'. 'மனசு தெளியும் வரை நடக்கிறேன்' என்று மட்டும் கிளம்பாதீர்கள். மனசு தெளிய வேண்டும் என்ற நிபந்தனையே வேண்டாம். ஆறு சுற்று முடிந்தது, இன்னும் குழப்பமாக இருக்கிறது என்றால், குழப்பத்தோடு வந்து உட்காருங்கள். குழப்பத்தோடு எழுதும் முதல் ஐந்து வரிகளும் படிப்புதான்.

நண்பர்களோடு டீ குடிக்கப் போவதை நான் தடுக்கவில்லை. ஒரு வருடம் இரண்டு வருடம் இதே வாழ்க்கை என்று இருப்பவர்களுக்கு அந்தப் பேச்சுத் துணை ரொம்பவே தேவை. அதைத் தனிக் கணக்கில் வையுங்கள், அவ்வளவுதான்.

நடந்துகொண்டே படிக்கலாமா?

எதைப் படிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஸ்டான்ஃபோர்டில் மரிலி ஓபெஸ்ஸோவும் டேனியல் ஷ்வார்ட்ஸும் 2014இல் வெளியிட்ட சோதனைகளில், நடக்கும்போது பலருக்குப் புதுப்புது யோசனைகள் அதிகம் வந்தன. வெறும் சுவரைப் பார்த்து டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கும் அப்படியே. நடந்துவிட்டு வந்து உட்கார்ந்த பிறகும் கொஞ்ச நேரம் அந்தப் பலன் இருந்தது. ஆனால் ஒரே ஒரு சரியான விடையைக் கண்டுபிடிக்க வேண்டிய கேள்விகளில், நடந்தவர்கள் உட்கார்ந்திருந்தவர்களைவிடச் சற்றுப் பின்தங்கினார்கள்.

நம் படிப்புக்கு இதை இப்படி எடுத்துக்கொள்ளலாம். டிஎன்பிஎஸ்சி குரூப் 2 முதன்மைத் தேர்வுக்கு ஒரு கட்டுரையை எங்கே தொடங்கி எங்கே கொண்டுபோவது என்று நடந்துகொண்டே யோசிக்கலாம். படித்த பாடத்தை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கலாம். தனிவட்டி, கூட்டுவட்டி, வேலை–நாட்கள் கணக்கை மேசைக்கு விட்டுவிடுங்கள்.

நான் பெண். நினைத்த நேரத்தில் வெளியே நடக்க வீட்டில் விடமாட்டார்கள், தெருவும் சரியில்லை.

இது உண்மையான தடை. 'மனசு வைத்தால் முடியும்' என்று சொல்லி இதைக் கடந்துபோக மாட்டேன். வீட்டுக்குள்ளேயே செய்யலாம். ஹாலின் ஒரு மூலையிலிருந்து அடுக்களை மேடை வரை போய்த் திரும்புவது ஒரு சுற்று. துணியை ஒவ்வொன்றாக உதறிக் கொடியில் போடுவது நல்ல தோள் அசைவு. வாசலில் குனிந்து கோலம் போடுபவராக இருந்தால், அதை முடித்ததும் நேராக மேசைக்கு வந்து பாருங்கள். விரலும் கண்ணும் ஏற்கனவே ஒரு வேலையில் கூடியிருக்கும்.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் எழுந்து நடமாடுவதைப் பார்த்ததும் 'சும்மாதானே இருக்கே, இந்தப் பாத்திரத்தையும் போட்டுடு' என்று குரல் வரும். இந்தப் பத்து நிமிடமும் படிப்பின் ஒரு பகுதி என்று வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அண்ணன் தம்பிக்குக் கிடைக்கும் நேரம் உங்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்பதில் தவறே இல்லை.

யோகா, எட்டு நடை இதெல்லாம்?

சூரிய நமஸ்காரம் ஏற்கனவே தெரிந்தால் மூன்று சுற்று மெதுவாகச் செய்யுங்கள். தெரியாவிட்டால் இதற்காகப் புதிதாகக் கற்க வேண்டாம். மூச்சை இழுத்தபடி கையைத் தலைக்கு மேல் தூக்குவது, விட்டபடி இறக்குவது, அது போதும். தரையில் எட்டு வரைந்து அதன் மேல் நடப்பதைப் பற்றிப் பெரிய பெரிய மருத்துவப் பலன்கள் சொல்கிறார்கள். நான் அவற்றை நம்பிப் பரிந்துரைக்கவில்லை. அடிக்கடி வளைந்து திரும்ப வேண்டியிருப்பதால் கவனம் காலில் நிற்கிறது, சின்ன மாடியிலும் செய்ய முடிகிறது. அந்த அளவில் நல்லது.

ராத்திரி படுத்தால்தான் யோசனை அதிகம். அப்போதும் எழுந்து நடக்கலாமா?

எழுந்திருக்கலாம், வேகமாக நடக்க வேண்டாம். தூக்கமின்மைக்கு உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின் 1972இல் வகுத்த முறை இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது: தூக்கம் வராமல் புரண்டுகொண்டே இருந்தால் படுக்கையை விட்டு எழுந்து வேறு அறைக்குப் போங்கள், தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது திரும்புங்கள். அந்த நேரத்தில் பெரிய விளக்கு வேண்டாம். சுவரைப் பிடித்துக் கெண்டைக்காலை நீட்டி விடுங்கள், கழுத்தை மெதுவாக இருபக்கமும் திருப்புங்கள், மூச்சை நீட்டி விடுங்கள். யோசனையில் நாளைக்குச் செய்ய வேண்டியது ஏதாவது இருந்தால் ஒரு வரி எழுதி வைத்துவிடுங்கள். மணி பார்க்காதீர்கள். 'இன்னும் நாலு மணி நேரம்தான் இருக்கு' என்ற கணக்கு தூக்கத்தை விரட்டிவிடும்.

எங்கள் மகன் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருக்கிறான். பெற்றோர் என்ன செய்யலாம்?

'போய் நட' என்று சொல்லாதீர்கள், அதுவும் ஒரு அதட்டலாகத்தான் காதில் விழும். 'கடைக்குப் போறேன், கூட வர்றியாப்பா' என்று கூப்பிடுங்கள். வழியில் தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். பக்கத்து வீட்டுப் பையனுக்கு வேலை கிடைத்ததையும் அன்றைக்குச் சொல்ல வேண்டாம். தக்காளி விலை பேசுங்கள், மழை பேசுங்கள். பத்து நிமிடத்தில் கூட்டிவந்து விட்டுவிடுங்கள், திரும்பியதும் படிக்கிறானா என்று அறைக்குள் எட்டிப் பார்க்காதீர்கள்.

முட்டி வலி, மூட்டுப் பிரச்சினை உள்ளவர்கள்? நடக்கவே முடியாதவர்கள்?

நாற்காலியில் உட்கார்ந்தபடியே செய்யலாம். பாதத்தைத் தரையில் அழுத்தி விடுவது, ஒரு காலை நீட்டி மடக்குவது, கையைத் தூக்கி இறக்குவது, சக்கர நாற்காலியில் அறையை ஒரு சுற்று வருவது. தலைசுற்றல், நெஞ்சு வலி, மூச்சிரைப்பு இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

இதெல்லாம் செய்தும் ஒன்றும் மாறவில்லை என்றால்?

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, தூக்கமும் பசியும் கெட்டுவிட்டன, அழுகை வருகிறது, எழுந்து குளிக்கவே முடியவில்லை என்றால் இதை நடையால் சமாளிக்கப் பார்க்காதீர்கள். சின்ன வயதிலிருந்தே எதிலும் கவனம் நிற்பதில்லை என்றாலும் மனநல மருத்துவரைப் பார்ப்பது நல்லது. அதற்கு மருத்துவம் இருக்கிறது. இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் கட்டணமில்லாமல் தமிழில் பேசலாம், இலங்கையில் 1926. செத்துவிடலாம் என்ற எண்ணம் தலைகாட்டினால் நாளைக்கு என்று வைக்காதீர்கள். இப்போதே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள், அந்த எண்ணைக் கூப்பிடுங்கள்.

தேர்வு அறையில் எழுந்து நடக்க முடியாதே. அங்கே யோசனை சுழன்றால்?

குரூப் 4 தேர்வில் மூன்று மணி நேரத்துக்கு 200 கேள்விகள். கேள்விக்கு 54 நொடி. ஒரு கேள்வியில் மாட்டி, 'இதுகூடத் தெரியலையே' என்று மனசு ஓடத் தொடங்கினால், பேனாவைக் கீழே வையுங்கள். இரண்டு பாதத்தையும் தரையில் நன்றாக அழுத்துங்கள். தோளைக் காதுவரை தூக்கிப் பொத்தென்று விடுங்கள். ஒரு நீண்ட வெளிமூச்சு. பதினைந்து நொடிக்கு மேல் ஆகாது. பிறகு அந்தக் கேள்வி எண்ணை வினாத்தாளில் சின்னதாகக் குறித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். விடைத்தாளில் வட்டம் மாறிவிடாமல் எண்ணை மட்டும் ஒரு முறை சரிபாருங்கள். குறித்து வைத்தவற்றுக்குக் கடைசி இருபது நிமிடத்தில் திரும்பி வரலாம்.